பட்டறைக் கேள்விகள்: காஸ்டிங் எண்ணை நம்பி பிளாக் வாங்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி, சிலிண்டர்களைத் தாங்குகிற எஞ்சின் உடலான பிளாக்கைப் பற்றியவை. கேம் ஷாஃப்ட், டர்போ என்று கண்ணைப் பறிக்கும் சாமான்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று அடிப்படைக்கு வந்துவிட்டார்கள். சந்தோஷம். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் நீண்டுவிட்டது. அதைப் படித்தால் மற்றவர்களின் சந்தேகத்திலும் பாதி தீரும் என்பதால் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 350 கன அங்குல ஷெவர்லே ஸ்மால் பிளாக் ஒன்றை 450 குதிரைத்திறனுக்குத் தயார் செய்ய ஆசை. இரண்டு பழைய பிளாக்குகள் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் காஸ்டிங் எண் (வார்க்கும்போதே பிளாக்கில் பதிகிற எண்) 3970010. ஒன்று 4 போல்ட் மெயின் கேப் (கிராங்க் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் மூடி), ஏற்கெனவே 30 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு) ரீபோர் ஆனது, அதாவது சிலிண்டர் துளையை அகலமாக்கியது. டைமிங் கவருக்குப் பின்னால் 010, 020 என்ற எண்கள் இருக்கின்றன. மற்றது 2 போல்ட், ஸ்டாண்டர்டு போர் (சிலிண்டர் துளை தொழிற்சாலை அளவிலேயே இருக்கிறது), அதில் 010 மட்டும்தான். 010 என்றால் 1 சதவீதம் வெள்ளீயம், 020 என்றால் 2 சதவீதம் நிக்கல், அதனால் முதல் பிளாக்தான் கெட்டி என்று விற்பவர் அடித்துச் சொல்கிறார். எதை எடுக்கட்டும்?

பதில்: நிக்கல் கதையை முதலில் முடித்துவிடுவோம் தம்பி. உங்கள் காஸ்டிங் எண்ணின் கடைசி 3 இலக்கத்தைப் பாருங்கள். 010. அதே 010தான் டைமிங் கவருக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறது. அது வார்ப்பின் அடையாள எண், உலோகக் கணக்கு இல்லை. அப்புறம் வெள்ளீயம். வார்ப்பிரும்பில் அதைச் சேர்ப்பது உண்டு. பெர்லைட் என்கிற கெட்டியான கட்டமைப்பு எல்லா இடத்திலும் சீராக வருவதற்காக. ஆனால் சேர்ப்பது 0.1 சதவீதத்துக்குள்தான். 1 சதவீதம் கொட்டினால் அந்த இரும்பு நொறுங்குகிற இரும்பாகிவிடும், அதில் யாரும் எஞ்சின் வார்க்க மாட்டார்கள். இரும்பு எவ்வளவு கெட்டி என்று தெரிய வேண்டுமானால் கையடக்கக் கடினமானி வைத்து பிரினெல் அளவு பாருங்கள். எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

4 போல்ட் விஷயத்துக்கு வருவோம். தொழிற்சாலையிலிருந்து வந்த 4 போல்ட் 350-இல் நடுவிலுள்ள 3 கேப்புகளுக்குத்தான் 4 போல்ட். முன்கேப்பும் பின்கேப்பும் 2 போல்ட்தான். கூடுதல் போல்ட்டுகள் செங்குத்தாக இறங்குவதால், மெயின் பேரிங்கைத் தாங்குகிற அந்தச் சுவரிலேயே இன்னும் இரண்டு ஓட்டை விழுகிறது. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் பலர் 2 போல்ட் பிளாக்கை எடுத்து, வெளிப் போல்ட்டுகள் சாய்வாகப் போகும் ஸ்டீல் கேப் போட்டுக்கொள்கிறார்கள். சாய்ந்த போல்ட் பிளாக்கின் தடித்த சதையைப் போய்ப் பிடிக்கும். உங்கள் 450 குதிரைத்திறனுக்கு, 6000 சுற்றுக்குள் ஓட்டுவதாக இருந்தால், 2 போல்ட் கேப்பில் நல்ல ஸ்டட் போட்டு லைன் ஹோனிங் (மெயின் பேரிங் துளைகளை ஒரே நேர்க்கோட்டில் தேய்த்துச் சரிசெய்வது) செய்தாலே தாங்கும்.

ஆக முதல் பிளாக்குக்குச் சாதகமாகத் தெரிந்த இரண்டு காரணமும் போயிற்று. மிச்சம் இருப்பது, யாரும் உங்களிடம் பேசாத விஷயம்: சிலிண்டர் சுவரின் தடிமன்.

காஸ்டிங் எண் என்பது குடும்பப் பெயர் மாதிரி. ஒரே பெயர் கொண்ட அண்ணன் தம்பியில் ஒருவன் ஒழுங்காகவும் மற்றவன் ஊர்சுற்றியாகவும் இருக்கலாம். எப்படி என்றால், பிளாக் வார்க்கும்போது தண்ணீர் ஓடுகிற வாட்டர் ஜாக்கெட்டுக்கு இடம் விடுவதற்காக அச்சுக்குள் கோர் என்று தனியாக ஒரு மணல் உருவத்தை வைப்பார்கள். உருகிய இரும்பு உள்ளே வந்ததும் அந்தக் கோர் மிதக்கப் பார்க்கும். மணலைவிட இரும்பு நாலு மடங்குக்கு மேல் எடை. தண்ணீருக்குள் அமுக்கிய பந்து என்ன செய்யுமோ அதையே கோரும் செய்யும். பிடிமானம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து அப்படியே உறைந்துவிடும். அடுத்து மெஷின் கடைக்கு வருகிறது. போரிங் மெஷினுக்குக் கோர் எங்கே போனது என்பது பற்றிக் கவலை இல்லை. வரைபடத்தில் சொன்ன இடத்தில் 4.000 அங்குலத்துக்குத் துளை போட்டுவிடும். வெளியே பார்க்கக் கச்சிதமான வட்டம். உள்ளே ஒரு பக்கம் சுவர் 6 மி.மீ., எதிர்ப்பக்கம் 3 மி.மீ.

30 தவ் ரீபோர் ஆனது என்று பயப்படுகிறீர்கள். 30 தவ் என்பது விட்டத்தில். சுவரிலிருந்து ஒரு பக்கத்துக்குப் போவது 15 தவ், அதாவது 0.38 மி.மீ. கோர் ஒன்றரை மி.மீ. நகர்ந்திருந்தால் அது திருடிக்கொண்டு போனது அதைப் போல நாலு மடங்கு. எதற்குப் பயப்பட வேண்டும் என்று இப்போது தெரிகிறதா?

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் முன்பக்கத்தில் கேம் ஷாஃப்ட் துளை இருக்கும். துளை மெஷின் செய்தது. அதைச் சுற்றியுள்ள தடித்த வளையம் வார்ப்பில் வந்தது. துளை வளையத்தின் நடுவில் இருக்கிறதா, ஓரமாக ஒதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். லிஃப்டர் துளைகளிலும் அதே சோதனைதான். எல்லாமே ஒரே திசையில் ஒதுங்கியிருந்தால் அச்சோ கோரோ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது வாசலில் நின்று ஆளை எடைபோடுவது போலத்தான். நடுவில் இருந்தால் நல்ல சகுனம், அவ்வளவுதான். உறுதியாகச் சொல்ல அல்ட்ராசோனிக் தடிமன்மானி வேண்டும். பட்டறைகளில் சோனிக் டெஸ்டர் என்பார்கள்.

ஒரு சிலிண்டரில் மேல், நடு, கீழ் என்று 3 உயரத்தில், ஒவ்வொரு உயரத்திலும் 4 திசையில் அளக்க வேண்டும். சிலிண்டருக்கு 12, எட்டுக்கும் சேர்த்து 96 அளவுகள். துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து, கொழகொழவென்ற ஜெல்லைத் தடவி, விரல்நுனி அளவுள்ள புரோபைச் சுவரில் செங்குத்தாக அழுத்த வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் எண் தாவும். எண் நிலைத்து நிற்கும் வரை காத்திருந்து, சுண்ணக்கட்டியால் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். காகிதத்தில் எழுதினால் பத்தாவது சிலிண்டரில் குழம்பிவிடும் என்று எழுத வந்தது பாருங்கள், இருப்பதே எட்டுதான். அந்த அளவுக்கு அலுப்பான வேலை.

இதில் நான் பட்டது ஒன்று உண்டு. டெஸ்டர் வாங்கிய புதிது. கூடவே வந்த ஸ்டீல் துண்டை வைத்து அளவு சரிசெய்துவிட்டு, ஒரு டிராக் ரேஸ் பிளாக்கை அளந்தேன். 6-ஆம் சிலிண்டரில் த்ரஸ்ட் பக்கம் (பிஸ்டன் சாய்ந்து அழுத்துகிற பக்கம்) 4.9 மி.மீ. காட்டியது. திருப்தியாக 30 தவ் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது ரேஸில் எஞ்சின் ஆயில் பால் போல வெளுத்து வந்தது. பிரித்துப் பார்த்தால், அந்தச் சிலிண்டரின் நடு உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தபோதுதான் தட்டியது. காரணம் பிறகு விளங்கியது. ஸ்டீலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 5900 மீட்டர் போகும். வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில்கள் குறுக்கே கிடப்பதால் 5000-க்கும் கீழே. ஸ்டீல் வேகத்தில் வைத்துவிட்டு வார்ப்பிரும்பை அளந்தால், 4 மி.மீ. சுவரை 4.9 என்று காட்டும். கருவி பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பான மொழியில் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளருக்கு என் செலவில் வேறு பிளாக் தேடிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, அதே பிளாக்கில் இரண்டு பக்கமும் காலிப்பர் எட்டக்கூடிய ஓர் இடத்தில், கியர்பாக்ஸ் பக்கத்துக் கூடான பெல் ஹவுசிங் பொருந்துகிற விளிம்பு போல, நேரடியாக அளந்து கருவியை அதற்குச் சரிசெய்த பிறகுதான் சிலிண்டருக்குள் இறங்குவேன். நீங்கள் யாரிடம் அளக்கக் கொடுத்தாலும் “எதை வைத்து கேலிபரேட் செய்தீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

96 எண்ணையும் எப்படிப் படிப்பது? சராசரி எடுக்காதீர்கள். பிஸ்டன் எரிப்பு அழுத்தத்தில் கீழே இறங்கும்போது சுவரின் ஒரு பக்கத்தின் மீது சாய்ந்துகொண்டே இறங்கும். அதுதான் த்ரஸ்ட் பக்கம். முன்னால் நின்று பார்க்கும்போது கிராங்க் கடிகாரச் சுற்றில் சுற்றினால், த்ரஸ்ட் உங்கள் இடது கைப் பக்கம். வி8-இல் இரண்டு வரிசைக்கும் இதே கணக்குதான். உங்கள் இடப்புற வரிசையில் அது வெளிச்சுவர், வலப்புற வரிசையில் நடுப்பள்ளத்தைப் பார்த்த உள்சுவர். கடைசி ஹோனிங் (சிலிண்டரை உள்ளே தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது) முடிந்த பிறகு அங்கே 5 மி.மீ. இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம், உங்கள் இலக்குக்கு 4.5 வரை நான் ஒப்புக்கொள்வேன். எதிர்ப்பக்கமும், பக்கத்துச் சிலிண்டரைப் பார்த்த சுவர்களும் 3 மி.மீ. இருந்தால் போதும். இது டர்போ, நைட்ரஸ் எதுவும் இல்லாத எஞ்சினுக்கு என் பட்டறைக் கணக்கு. இன்னொன்று: கோர் நகர்ந்தாலே பிளாக் கெட்டது என்று இல்லை. த்ரஸ்ட் பக்கம் தடிக்கும்படி நகர்ந்திருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். எல்லாப் பக்கமும் சமமாக 4.2 இருக்கும் பிளாக்கைவிட, த்ரஸ்ட்டில் 5.5-உம் எதிரே 3.2-உம் உள்ள கோணல் பிளாக்கைத்தான் நான் எடுப்பேன். ஒரே ஒரு சிலிண்டரில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எண் விழுந்தால், அது பெரும்பாலும் உள்ளிருந்து துரு தின்ற இடம். அதை மன்னிக்காதீர்கள்.

ஆகவே இரண்டையும் அளந்து பாருங்கள். ஸ்டாண்டர்டு போர் பிளாக் த்ரஸ்ட்டில் 5 காட்டினால், 2 போல்ட்டாக இருந்தாலும் அதையே எடுங்கள். அளக்கவிட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், வேறு பிளாக் தேடுங்கள்.

கேள்வி: பிஎம்டபிள்யூ ஃபார்முலா 1 எஞ்சினுக்கு, லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய கார் பிளாக்குகளைத் தேடிப் பிடித்து, மழையிலும் வெயிலிலும் போட்டுப் பதப்படுத்தினார்களாமே? நானும் என் பிளாக்கை ஒரு வருடம் வெளியே போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம், துருதான் மிஞ்சும்.

கதையின் அடித்தளம் உண்மை. எம்12/13 என்ற அந்த 1.5 லிட்டர் டர்போ எஞ்சினின் பிளாக், 1960-களில் சாதாரணக் கார்களுக்கு வந்த எம்10 என்ற 4 சிலிண்டர் வார்ப்பிரும்பு பிளாக்கின் வழியில் வந்ததுதான். 1983-இல் நெல்சன் பிகே அதை வைத்துத்தான் பிராபம் காரில் உலகச் சாம்பியன் ஆனார். தகுதிச் சுற்றுகளில் 1000 குதிரைத்திறனைத் தாண்டியது அது. பழைய பிளாக்குகள் மீது மழை மட்டுமில்லை, இன்னும் என்னென்னவோ விழுந்தது என்றுகூடக் கதை உண்டு. இந்தப் பத்திரிகையில் அதை விளக்க ஆசிரியர் விட மாட்டார்.

வார்ப்பு ஆறும்போது மெல்லிய பகுதி முதலில் உறையும், தடித்த பகுதி பின்னால். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே உறைவதால் உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடும். மெஷின் செய்து ஒரு பக்கம் சதையை எடுத்ததும் அந்த இறுக்கம் கொஞ்சம் விடும். நேராக இருந்த மெயின் போர் வளையும். பல வருடம் சூடேறிச் சூடாறிய பிளாக்கில் இந்த நெளிவு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். பழைய பிளாக்கின் மதிப்பு அதில்தான். வேலை செய்வது எஞ்சினின் சூடு. வானத்து மழைக்கு அதில் பங்கில்லை. பழையதில் நெளிவு நடந்துவிட்டதால் லைன் ஹோனிங், டெக் (ஹெட் உட்காரும் மேல்பரப்பு) சமன்படுத்துவது எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். புது வார்ப்பாக இருந்து இறுக்கம் எடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று உலை இருக்கிறது. 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, மெதுவாக ஆறவிடுவார்கள். சில மணி நேர வேலை.

கேள்வி: டொயோட்டாவின் 2ஜேஇசட் எஞ்சின் பிளாக்குக்குச் சாவே இல்லை என்கிறார்கள். அதற்கும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டுமா?

பதில்: நல்ல பிளாக்தான், மறுக்கவில்லை. வார்ப்பிரும்பு, போரும் ஸ்ட்ரோக்கும் 86 மி.மீ., 6 சிலிண்டருக்கு 7 மெயின் பேரிங், மேலே மூடிய டெக். ஆனால் உங்கள் கையில் இருப்பது எத்தனை பேர் கை மாறியது? டெக்கில் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி அரிப்பு இருக்கிறதா, ஹெட் போல்ட் மரைகள் இழுபட்டிருக்கின்றனவா, யாராவது ஏற்கெனவே ரீபோர் செய்து அதை உங்களிடம் சொல்லாமல் விட்டார்களா என்று பாருங்கள். போர் டயல் கேஜ் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கசிவையும் விரிசலையும் கண்டுபிடிக்கப் பிரஷர் டெஸ்டும் காந்தத்தூள் சோதனையும் கண்டிப்பாக வேண்டும். நல்ல பேர் வாங்கியது அந்தக் குடும்பம், நீங்கள் வாங்குவது அதில் ஒரு ஆள்.

கேள்வி: அலுமினிய பிளாக்கா, இரும்பு பிளாக்கா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: டர்போ என்றால் இரும்பு.

ஒரே வார்த்தையில் முடித்தால் நாளை சண்டைக்கு வருவார்கள், அதனால் இன்னும் கொஞ்சம். ஷெவர்லே எல்எஸ் குடும்பத்தில் அலுமினிய பிளாக் எடுத்தால் இரும்பைவிட சுமார் 45 கிலோ குறையும். அதுவும் முன்சக்கரத்தின் மேல். வளைவுகளில் ஓட்டுகிற காருக்கு அது பெரிய வரம். ஆனால் அலுமினியத்தின் விறைப்பு இரும்பைவிடக் குறைவு, சூட்டில் விரிவதோ அதைப் போல இரண்டு மடங்கு. குளிரில் சரியாக இருந்த மெயின் பேரிங் இடைவெளி சூட்டில் கூடிவிடும். கட்டும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய அலுமினிய பிளாக் என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, எப்போதாவது தண்ணீர் இல்லாமல் கொதித்ததா என்பதுதான். வெப்பப் பதப்படுத்தலால் வந்த பலம் அதிகச் சூட்டால் போய்விடும். அலுமினியம் பார்க்கப் பளபளவென்றே இருக்கும், ஹெட் போல்ட்டை முறுக்கும்போதுதான் வெண்ணெய் மாதிரி மரை கழன்று வரும். டெக்கில் கடினத்தன்மை அளந்துவிட்டு வாங்குங்கள். மெஷின் செய்த பரப்பில் குண்டூசித் தலை அளவு குழிகள் தெரிந்தால், அது வார்க்கும்போது மாட்டிக்கொண்ட வாயு. ஒன்றிரண்டு பரவாயில்லை. கேஸ்கட் வளையம் உட்காரும் இடத்தில் இருந்தால் வேண்டாம். அலுமினியத்துக்கு ஒரு பெருமை உண்டு: ராட் உடைந்து சுவரைக் கிழித்தாலும் வெல்டிங் வைத்து, புது ஸ்லீவ் போட்டு எழுப்பிவிடலாம். இரும்பில் அது பெரும்பாலும் நடக்காது.

கேள்வி: ரேஸுக்கென்றே வார்த்த புத்தம்புது பிளாக் வாங்கிவிட்டேன். நேராக அசெம்பிள் செய்யலாம்தானே?

பதில்: கூடாது. வெளுத்ததெல்லாம் பால் இல்லை. இப்படிப்பட்ட பிளாக்குகளில் போரை வேண்டுமென்றே சில தவ் குறைவாக விட்டு அனுப்புவார்கள். உங்கள் பிஸ்டனை அளந்து, அதற்கேற்ற இடைவெளி வைத்து, டார்க் பிளேட்டை மாட்டி ஹோனிங் செய்துகொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. டார்க் பிளேட் என்பது ஹெட்டுக்குப் பதிலாக இறுக்குகிற தடித்த இரும்புத் தகடு. ஹெட்டை இறுக்கும்போது சிலிண்டர் எப்படி நெளியுமோ அப்படி நெளியவைத்து, அந்த நிலையில் வட்டமாக்குவதற்காக. மெயின் கேப்பையும் நீங்கள் கடைசியில் போடப்போகும் அதே ஸ்டட்டை வைத்து இறுக்கி அளந்து பாருங்கள். போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் மாற்றினாலே துளை வட்டம் மாறும்.

அப்புறம் கழுவுங்கள். வாட்டர் ஜாக்கெட்டுக்குள் கோர் மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். நீண்ட கம்பியை விட்டுச் சுரண்டினால் சொரசொரவென்று உதிரும். எண்ணெய்ப் பாதைகளின் அடைப்புத் திருகுகளை எல்லாம் கழற்றி, நீளப் பிரஷ் விட்டு, சோப்புப் போட்டு வெந்நீரில் தேய்க்க வேண்டும். கழுவி முடிந்ததும் வெள்ளைத் துணியில் லேசாக எண்ணெய் நனைத்துப் போரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் ஹோனிங் தூள் இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். எனக்கு நாலாவது தடவைக்கு முன்னால் துணி வெள்ளையாக வந்ததே இல்லை.

கேள்வி: பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடுகள், தண்ணீர் உறைந்தால் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்து பிளாக்கைக் காப்பாற்றத்தானே?

பதில்: இல்லை. வார்க்கும்போது கோரைத் தாங்குவதற்கும், பிறகு மணலை வெளியே எடுப்பதற்கும் விட்ட ஓட்டைகள் அவை. அதை அடைக்கத்தான் தகடு. உறைந்த தண்ணீர் சில சமயம் தகட்டைத் தள்ளும், சில சமயம் பிளாக்கையே பிளக்கும். பழைய பிளாக் வாங்கும்போது அந்தத் தகடுகளைத் தட்டிக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துச் சிலிண்டரின் வெளிச்சுவரைப் பாருங்கள். துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று நேரிலேயே தெரியும்.

கேள்வி: சுவர் மெல்லிசாக இருக்கிறது. வாட்டர் ஜாக்கெட்டில் பிளாக் ஃபில் (சிமெண்ட் போல இறுகும் கலவை) ஊற்றிக் கெட்டிப்படுத்தினால் ஓடுமா?

பதில்: கால் மைல் ஓடும் காருக்கு ஊற்றுவார்கள். ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் வாட்டர் பம்ப் துளைக்குக் கீழே வரைதான், அதற்கு மேல் போனால் சூடு அடங்காது. ஆயில் வெப்பநிலையும் ஏறும், ஆயில் கூலர் கூட வைக்க வேண்டிவரும். ஊற்றிய பிறகு அது இறுகும்போது சிலிண்டர் கொஞ்சம் நகரும், அதனால் ஹோனிங்குக்கு முன்பே ஊற்றிவிடுங்கள், டார்க் பிளேட்டையும் மெயின் கேப்பையும் இறுக்கிய நிலையில். ஏற்கெனவே விரிசல் விட்ட சுவருக்கு இது மருந்தில்லை. எத்தனை மி.மீ. என்று நீங்கள் எழுதவில்லையே. அளந்து எழுதுங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.